நத்தார் மேடையில் தமிழ்

கார்த்திகை பிறந்ததும் நம் துறைமுக நகரத்துத் தேவாலயங்களில் வாலிபர் சங்கங்கள் கூடி ஒளி விழாவுக்குத் திட்டம் வகுக்கத் தொடங்கிவிடும். அலங்காரத்துக்கு ஒரு குழு, சிற்றுண்டிக்கு ஒரு குழு, நிகழ்ச்சிகளுக்கு ஒரு குழு எனப் பணி பங்கிடப்படும். நத்தார் தாத்தாவும் பரிசுக் குலுக்கலும் பதிவிசைக்கேற்ற ஆட்டமும் நிகழ்ச்சி நிரலின் முன்வரிசையைப் பிடித்துக்கொள்ளும். பாலன் பிறப்பு நாடகமோ சிறுபிள்ளைகளிடம் விடப்பட்டுக் கால்மணி நேரத்தில் முடிந்துபோகும். சைவனாகிய எனக்கு இதிற் கருத்துரைக்க என்ன உரிமை என்று சிலர் வினவலாம். தமிழாசிரியன் என்ற உரிமை ஒன்றே உண்டு. அந்நிரலில் விடுபட்டுப்போவது நான் கற்பிக்கும் தமிழுமாகும்.

அயல்வரவை வெறுத்து இதனைக் கூறுகின்றேனல்லேன். நத்தார் என்னும் சொல்லே போர்த்துக்கேயர் தந்த 'நத்தால்' என்பதன் திரிபாகும். வடசொற்கள் தமிழோசைக்கேற்பத் திரிந்து வழங்கும் முறையை நன்னூலார் வகுத்துரைத்தார். அங்ஙனம் வருவனவற்றைத் தற்பவம் என்பர் இலக்கணிகள். நத்தாரும் அம்முறையை ஒப்பவே நம்மொழியிற் குடியேறிற்று. விழாவும் அவ்வாறு குடியேற வேண்டாவோ? வடகீழ்ப் பருவமழை கொட்டும் நாளில், பஞ்சைப் பிய்த்து உறைபனியெனத் தூவுவதில் எந்த மண்ணின் மணம் இருக்கின்றது?

திரித்துக் கொள்ளும் வழியை நம் முன்னோர் காட்டியுள்ளனர். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பெத்லகேம் குறவஞ்சி பாடினார். உலாவரும் தலைவனைக் கண்டு தலைவி காதல் கொள்ளுதலும், குறத்தி வந்து மலைவளம் கூறிக் கைபார்த்துக் குறி சொல்லுதலும் குறவஞ்சியின் மரபு. குற்றாலநாதரைத் தலைவராகக் கொண்ட அவ்வடிவத்திலே பெத்லகேம் நாதரை அமர்த்தித் தேவமோகினியைத் தலைவியாக்கினார் அவர். வானியலும் புவியியலுங்கூட அந்நூலுள் இடம்பெற்றன. ஆடலும் பாடலும் நகையும் நிறைந்த இத்தகைய நூல் இருக்க, இளைஞருக்கேற்றது தமிழில் இல்லை என்பது பொருந்துமோ?

இன்னும் அண்மையில் நோக்குவோம். கிழக்கு ஞானிகள் மூவர் பாலனைக் காணவந்த கதையை மன்னார்ப் பகுதி மக்கள் மூவிராசாக்கள் நாடகமாக ஆடினர். அதனைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிற் பதிப்பித்தார். நம் திருகோணமலையைச் சேர்ந்த இன்னாசித்தம்பி ஐரோப்பியக் கதையொன்றைத் தழுவி 1891இல் 'ஊசோன் பாலந்தை கதை'யை வெளியிட்டார். வீரமாமுனிவர் சூசையப்பரைத் தலைவராக வைத்து 3,615 பாடல்களில் தேம்பாவணி அமைத்தார். இவ்வளவு செல்வத்தையும் தேர்வுத் தாளில் இரண்டு புள்ளி பெறும் வினாவாகச் சுருக்கிவிட்டோம்.

பழந்தமிழ் விளங்காது, கூட்டம் எழுந்து போய்விடும் என்பார் உளர். கூத்துகள் பண்டிதருக்காகப் பிறந்தவையல்ல. வலையிழுத்தவரும் வயலுழுதவரும் இரவு முழுதும் விழித்திருந்து அவற்றைச் சுவைத்தனர். நூல் முழுவதையும் ஆடவேண்டுவதில்லை. குறத்தி வரும் பகுதியை மட்டும் அரைமணி நேரத்துக்கு அமைத்துக் கொள்ளலாம். பழைய மெட்டறிந்த முதியோர் ஒருவரையும் இசையாசிரியர் ஒருவரையும் துணைக்கழைத்து, ஐப்பசியிலேயே பயிற்சியைத் தொடங்குதல் நன்று. அயல்வீட்டுச் சைவப் பிள்ளையை மத்தளம் வாசிக்க அழையுங்கள். குறத்தியை அவன் பாடசாலையிலேயே அறிவான். அவள் பெத்லகேமுக்கும் வழிசொல்வாள் என்பதை மேடையில் அறிந்துகொள்வான்.

நாட்குறிப்பதிலும் இம்மண்ணை நினைதல் வேண்டும். 2004 டிசெம்பர் 26 காலையில் நம் கரையோரத்தை ஆழிப்பேரலை விழுங்கிற்று. இன்று திட்டம் தீட்டும் இளைஞருட் பலர் அதன்பின் பிறந்தவர்கள். அவர்தம் பெற்றோர் மறந்திலர். விடுமுறைக்கு வசதியென்று அந்த நாளின் மாலையிற் கேளிக்கை வைத்தல் தகாது. அத்தெருவிலேயே யாரோ ஒருவர் வீட்டில் நினைவு விளக்கு எரியும்.

வாலிபர் சங்கத்து நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்: இம்முறை நிரலின் முதல்வரியைத் தமிழ் நாடகத்துக்கு ஒதுக்குங்கள். கேக்கும் குலுக்கலும் அதன்பின் வரட்டும். அழைப்பு வந்தால், குடை பிடித்தாயினும் நான் வருவேன். என் மாணவரையும் அழைத்து வருவேன்.