வல்லைக் காற்றும் கியர் லீவரும்

ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் பெறாமகன், உடுப்பிட்டி வீட்டின் பின்விறாந்தையில் சாக்கினால் மூடிக்கிடந்த சைக்கிளொன்றை ஒருநாட் காலை வெளியே இழுத்தெடுத்தான். அது அவனுடைய தகப்பனாரின், அதாவது என் அண்ணனின், பத்துக் கியர் றேசிங் சைக்கிள். 1980களின் தொடக்கத்தில் கொழும்பில் கைமாறி வாங்கியது. 1986இல் நாட்டை விட்டுப் போனபோது அண்ணன் அதை என்னிடம் விட்டுச் சென்றார். அவர் இப்போது உயிரோடில்லை. தகப்பனின் சைக்கிளை மீண்டும் ஓடவைக்க வேண்டும் என்பது பிள்ளையின் ஆசை.

சைக்கிளின் கூட்டில் துரு அதிகமில்லை. றிம்மும் கம்பிகளும் தேறின. கியர் லீவர்கள்தான் கெட்டிருந்தன. வலப்பக்கத்தது இறுகிப்போயிருந்தது, இடப்பக்கத்தது காணாமலே போய்விட்டது. பெறாமகன் கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான்.

"சித்தப்பா, பிரேக்கும் கியரும் ஒண்டாய் வாற லீவர் போடுவம். இப்ப மலிவாய்க் கிடைக்குது. நான் போய் அனுப்பிவிடுறன்."

"பொறு தம்பி. முதல்ல கணக்கைப் பாப்பம்" என்றேன்.

அன்று நாங்கள் பார்த்த கணக்கு, பழைய றேசிங் சைக்கிளை வைத்துக்கொண்டு இதே குழப்பத்தில் இருக்கும் பலருக்கும் உதவக்கூடும். மலிவான லீவர் எது என்ற கேள்விக்கு விலைச்சீட்டு மட்டும் விடை சொல்லாது. பழுதானால், நீங்கள் இருக்கும் இடத்திலேயே திருத்திக்கொள்ளக்கூடியது எதுவோ அதுவே மலிவானது. இதுதான் என் கட்சி.

மேடு பள்ளமில்லாத குடாநாட்டில் கியர் எதற்கு என்று சிலர் கேட்கலாம். வல்லைவெளியில் சைக்கிள் மிதித்தவர்கள் கேட்கமாட்டார்கள். உடுப்பிட்டியிலிருந்து யாழ்ப்பாணப் பட்டினம் தென்மேற்கே இருக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் சோளகமும் தென்மேற்கிலிருந்தே வருகிறது. மரமோ மதிலோ இல்லாத அந்த உவர்வெளியில், பாலத்தை அண்மிக்கும்போது, காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். எங்கள் ஊருக்கு மலை இல்லை, காற்றுத்தான் மலை. திருநெல்வேலியில் பல்கலைக்கழகத்திற்குப் போய்வந்த நாட்களில் இருபத்தைந்து கிலோமீற்றரளவு தூரத்தை இந்தச் சைக்கிளில்தான் கடந்தேன்.

இனி லீவர்களுக்கு வருவோம். அடிப்படையில் இரண்டு வகை உண்டு. ஒன்று உராய்வு லீவர். ஒரு திருகின் இறுக்கத்தினால், நாம் தள்ளிய இடத்தில் அது நிற்கும். செயின் எந்தப் பற்சில்லில் இருக்கவேண்டும் என்பதைக் கையும் காதும் தீர்மானிக்கும். மற்றது படி லீவர். ஒவ்வொரு தள்ளலுக்கும் 'கிளிக்' என்ற சத்தத்துடன் குறித்த அளவு கேபிளை மட்டும் இழுத்து நிற்கும். சிமானோ நிறுவனம் தன் டியூரா-ஏஸ் வரிசையில் 1984இல் இதை நம்பகமாக்கிக் காட்டியது. 1990இல் பிரேக்கையும் கியரையும் ஒரே லீவரில் சேர்த்தது. படி லீவர் பரவுவதற்கு முன் உலகின் பெரிய ஓட்டவீரர்கள் பெரும்பாலும் உராய்வு லீவரைத்தான் தள்ளினார்கள். 1969 முதல் 1974 வரை எடி மெர்க்ஸ் ஐந்து முறை டூர் டி பிரான்ஸ் வென்றதும் அப்படித்தான்.

படி லீவர் வசதியானது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது தனியாக வராது, சுற்றத்தையும் அழைத்துக்கொண்டே வரும். அது இழுக்கும் கேபிளின் அளவும், பின் கியர்ப் பொறி நகரும் அளவும், பற்சில்லுகளின் இடைவெளியும் ஒன்றோடொன்று பொருந்தவேண்டும். எட்டுச் சில்லுத் தொகுதியில் அடுத்தடுத்த சில்லுகளுக்கிடையே 4.8 மில்லிமீற்றர், பத்துச் சில்லில் ஏறத்தாழ 3.95 மில்லிமீற்றர். இந்த நுண்ணளவில் பிசகினால் செயின் ஓயாமல் முணுமுணுக்கும்.

எங்கள் சைக்கிளில் அந்தக் கணக்கு எப்படி வந்தது? இன்று கிடைக்கும் மலிவான ஒருங்கிணைந்த லீவர்கள் பெரும்பாலும் எட்டுச் சில்லுக்கோ அதற்கு மேற்பட்டதற்கோ உரியவை. எங்களிடம் இருப்பது ஐந்து சில்லுப் பிறீவீல். எட்டுச் சில்லுக்குப் புதிய ஹப் வேண்டும். புதிய ஹப்பின் அகலம் 130 மில்லிமீற்றர். எங்கள் கூட்டின் பின்கவை 120 மில்லிமீற்றர். இரும்புக் கூடு என்பதால் விரிக்கலாம், ஆனால் பத்து மில்லிமீற்றர் சின்ன விஷயமல்ல. புதிய சில்லு 700சி அளவில் வரும். பழையது 27 அங்குலம். றிம்மின் ஆரம் 4 மில்லிமீற்றர் குறையும். பிரேக் கட்டை அவ்வளவு கீழே எட்டவேண்டும். பிறகு பின்பொறி, செயின். ஒரு சோடி லீவர் வாங்கப் புறப்பட்டவன் பாதிச் சைக்கிளை வாங்கவேண்டியதாகும். கணக்கைக் கடதாசியில் எழுதிக் காட்டியபோது பெறாமகன் தலையைச் சொறிந்தான்.

இன்னொரு கணக்கும் உண்டு. அது இந்த மண் சொல்லித்தந்தது. 1990 யூனில் போர் மீண்டும் மூண்ட பின் குடாநாட்டிற்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது, மின்சாரம் நின்றது. விறகும் நெல்லும் நோயாளியும் சைக்கிளிலேயே போனார்கள். சைக்கிளைக் கவிழ்த்துவைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை நாங்கள். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது, வீட்டில் எஞ்சியவை எல்லாம் சைக்கிள் கரியரில்தான் ஏறின.

அந்தக் காலத்தில் இந்தச் சைக்கிளின் பிறீவீல் தேய்ந்து போயிற்று. நெல்லியடியில் உடைந்து கிடந்த வேறொரு சைக்கிளிலிருந்து, வேறு கம்பனியின் பிறீவீலைக் கழற்றிப் பூட்டினோம். செயின் இன்னொரு சைக்கிளினுடையது. பின்பொறி ஒருமுறை விழுந்து வளைந்தபோது கையாலேயே நிமிர்த்தினோம். உராய்வு லீவர் இவை எதையும் பொருட்படுத்தவில்லை. படி லீவர் இருந்திருந்தால் அந்தக் கலப்புக் குடும்பம் ஒருநாள்கூட ஓடியிராது.

அது போர்க்காலம், இனி அப்படி வராது என்பவர்களுக்கு 2022ஐ நினைவூட்டுகிறேன். ரூபாய் சரிந்தது, பெற்றோலுக்குக் கியூஆர் அட்டை வந்தது, நாடு முழுவதும் சைக்கிளைத் தேடியது. சைக்கிளும் உதிரிப்பாகங்களும் விலையேறின. அப்போது ஓடியவை, உள்ளூர்க் கடைக்காரரின் சாவிக்கும் சுத்தியலுக்கும் கட்டுப்பட்ட சைக்கிள்கள்தான்.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. பழைய உராய்வு லீவர் சாய்ந்த கீழ்க்குழாயில் இருக்கும். கியர் மாற்ற ஒரு கையை எடுத்துக் குனியவேண்டும். மினிபஸ் உரசிக்கொண்டு போகும் இன்றைய றோட்டில், வல்லைப் பாலத்தில் பக்கக்காற்று வீசும்போது, இது உயிரோடு விளையாடுவது. ஆகவே லீவரின் வகையை மாற்றாமல் இடத்தை மட்டும் மாற்றுங்கள். வளைந்த ஹான்டிலின் நுனியில் செருகும் உராய்வு லீவர்கள் கிடைக்கின்றன. கை ஹான்டிலை விட்டு விலகவேண்டியதில்லை. வாங்குமுன் ஹான்டிலின் உட்துளையை அளந்துகொள்ளுங்கள். அதைவிட மலிவு வேண்டுமானால் ஹான்டிலின் தண்டில் பூட்டும் வகை உண்டு. கை சற்று விலகும், ஆனால் குனியத் தேவையில்லை.

யாருக்குப் படி லீவர் பொருந்தும்? ஏற்கெனவே ஏழு அல்லது எட்டுச் சில்லும் 126, 130 மில்லிமீற்றர்க் கூடும் உள்ளவர்களுக்கு, அதே சில்லு எண்ணிக்கைக்குரிய லீவர் நல்ல தெரிவு. உராய்வு முறைக்கு மாறக்கூடிய படி லீவர் கிடைத்தால் இன்னும் நல்லது. ஒன்பது, பத்துச் சில்லுக்காரர் உராய்வு லீவரில் சரியான இடத்தைத் தேடிக் களைத்துப்போவார்கள். விரல் மூட்டு நோவுள்ளவர்களுக்கும் படி லீவரே சுகம். பழைய ஒருங்கிணைந்த லீவர் ஒன்று கிடைத்து, அது இறுகியிருந்தால் உடனே எறிந்துவிடாதீர்கள். பல வேளைகளில் உள்ளே கிறீஸ் காய்ந்திருப்பதே காரணம். மெல்லிய எண்ணெயால் கழுவி, திரும்பத் திரும்பத் தட்டிப்பாருங்கள். உள்ளே பல் உடைந்திருந்தால் மட்டும் கைவிடலாம்.

மிச்சம்பிடித்த காசை என்ன செய்வது? புதிய கேபிள், புதிய செயின், நல்ல பிரேக் கட்டைகள் வாங்குங்கள். மாரி மழையில் நனைந்த இரும்பு றிம்மில் பிரேக் எவ்வளவு பிடிக்கும் என்பது நமக்குத் தெரியாததா? வேகமாகப் போக உதவும் பாகத்திற்குச் செலவழிப்பவர்கள், நிற்க உதவும் பாகத்தை மறந்துவிடுகிறார்கள்.

உடுப்பிட்டிச் சந்திக்கு அண்மையில் சைக்கிள் திருத்தும் அண்ணை ஒருவர், கொழும்பிலிருந்து எடுப்பித்த நுனி லீவர்களை ஒரு பின்னேரத்தில் பூட்டித்தந்தார். இறுகிய பழைய லீவரையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழற்றி, "இதைக் கவனமாய் வையுங்கோ தம்பி, இன்னும் உழைக்கும்" என்று கையில் தந்தார்.

மறுநாள் பெறாமகன் முன்னே போக, நான் என் லுமாலாவில் பின்னே போனேன். வல்லைவெளியில் சோளகம் பிடித்துக்கொண்டது. அவன் லீவரைத் தள்ளினான், செயின் கரகரத்தது, சற்றே இழுத்தான், சத்தம் அடங்கியது. பாலம் தாண்டியதும் காலூன்றி நின்று திரும்பிப் பார்த்தான்.

"சத்தத்தைக் கேட்டுத்தான் மாத்த வேணும் போல, சித்தப்பா."

"கொப்பரும் அப்பிடித்தான் மாத்தினவர்" என்றேன்.

அவன் திரும்பிப் போய்விட்டான். சைக்கிள் பின்விறாந்தையில் நிற்கிறது, இப்போது சாக்கில்லாமல்.