காத்துச் சத்தத்துக்காக காதை அடைக்காதீங்க: சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு ஒரு திரெட்

1/ சைக்கிள் ஓட்டும் நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "டாக்டர், கொஞ்சம் வேகமா மிதிச்சாலே காதுல ஊஊன்னு காத்து இரையுது. இதனால காது கெட்டுப்போகுமா? இயர்போன் மாட்டிக்கிட்டா அந்தச் சத்தம் தெரியல, அப்படியே ஓட்டலாமா?"

முதல் கேள்விக்குப் பதில்: உங்களில் பெரும்பாலானவர்களுக்குக் கெடாது. இரண்டாவதுக்குப் பதில்: தயவுசெய்து வேண்டாம்.

ஏன் என்று சொல்றேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

2/ முதலில் இந்தச் சத்தம் எங்கிருந்து வருது?

காற்று வழுவழுவென்று ஓடும்போது பெரிதாகச் சத்தம் போடாது. எதிலாவது மோதிச் சுழலும்போதுதான் இரையும். ஆற்றுத் தண்ணீர் பாறையில் மோதி அதன் பின்னால் சுழல்கிறதே, அதே கதைதான். இங்கே பாறை எது? உங்கள் காது மடல், கன்னத்தில் ஓடும் ஹெல்மெட் வார், மூக்குக்கண்ணாடியின் காம்பு. சுழல் உருவாகும் இடம் காதின் வாசலிலேயே இருப்பதால் உங்களுக்கு மட்டும் அவ்வளவு பெரிதாகக் கேட்கும். பக்கத்தில் ஓட்டி வருபவருக்கு உங்கள் இரைச்சல் கேட்கவே கேட்காது.

3/ நம்பிக்கை இல்லையா? வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ரோட்டில் வேண்டாம்.

டேபிள் ஃபேனை முழு வேகத்தில் வைத்து, அதற்கு நேர் எதிரே முகத்தைக் காட்டி நில்லுங்க. இரைச்சல் கேட்கும். இப்போ உள்ளங்கையைக் கன்னத்தோடு ஒட்டி, காதுக்குச் சற்று முன்னால் வைங்க. காதை மூடக்கூடாது. இரைச்சல் சட்டென்று குறையும். ஆனா ஹாலில் ஓடும் டிவி, அடுக்களையில் குக்கர் விசில் எல்லாம் தெளிவாகக் கேட்கும்.

இந்தத் திரெட்டின் சாரமே இதுதான். காதை மூடாமலே காற்றைத் திசை திருப்பலாம்.

4/ வேகம் முக்கியம். காது சந்திப்பது உங்கள் வேகத்தை மட்டும் அல்ல, எதிர்காற்றையும் சேர்த்து. நீங்க 20 கிலோமீட்டர் வேகத்தில் போறீங்க, எதிர்காற்றும் 20 என்றால், காதுக்கு அது 40.

ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும் என்பாங்க. ஆரல்வாய்மொழிப் பக்கமோ, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நுழையும் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கமோ ஆடியில் சைக்கிள் ஓட்டியவர்களிடம் கேளுங்க. காற்றாலைகளை அங்கே கொண்டுபோய் நட்டு வைத்திருப்பது சும்மா இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மதியத்துக்கு மேல் கடல்காற்று பக்கவாட்டில் வரும். அப்போ இரண்டு காதிலும் இரைச்சல் ஒரே மாதிரி இருக்காது.

5/ சரி, எத்தனை டெசிபல்?

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் உள்ள ஹென்றி ஃபோர்டு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் இதை அளந்து 2016-ல் சொன்னார்கள். காதில் சிறு மைக்குகளைப் பொருத்தி, காற்றுச் சுரங்கத்தில் சோதித்தார்கள். வழக்கமான சைக்கிள் வேகக் காற்றிலேயே 85 டெசிபலை ஒட்டி வந்தது. மணிக்கு 60 மைல், அதாவது சுமார் 96 கிமீ வேகக் காற்றில் 120 டெசிபலைத் தொட்டது.

6/ 85 என்றதும் பயப்பட வேண்டாம். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்லும் கணக்கு இது: 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி, 94 என்றால் 1 மணி.

தினமும் அரை மணி நேரம் வேலைக்கோ பள்ளிக்கோ சைக்கிளில் போறவங்களுக்கு இந்தக் கணக்கில் ஆபத்து இல்லை.

7/ இன்னொரு விஷயம். காற்று இரைச்சலில் பெரும்பகுதி கனத்த, தாழ்ந்த ஸ்தாயி சத்தம். நம் காது தாழ்ந்த சத்தத்தை அவ்வளவு கூர்மையாக எடுத்துக்கொள்ளாது. தொழிற்சாலைக் கணக்கில் அதைக் கழித்துத்தான் பார்ப்பார்கள். அதனால் பட்டறை இயந்திரத்தின் 85-ஐயும் காற்றின் 85-ஐயும் அப்படியே சமமாக வைக்க முடியாது.

யார் கவனிக்கணும்? வாராவாரம் நீண்ட தூரம் போறவங்க. 200 கிமீ பிரெவே ஓட்டத்துக்கு அதிகபட்ச நேரம் 13 மணி 30 நிமிடம். அத்தனை நேரமும் எதிர்காற்றில் ஓட்டுபவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

8/ பைக் ஓட்டுறவங்களுக்கு ஒரு வரி. நெடுஞ்சாலையில் 80, 100 என்று போகும்போது ஹெல்மெட்டுக்குள்ளேயே 90 டெசிபலைத் தாண்டும். உங்களுக்குக் காது பாதிப்பு நிஜமான ஆபத்து. அது தனித் திரெட். இங்கே சொல்வதெல்லாம் சைக்கிளுக்கு.

9/ அப்போ சைக்கிள்காரருக்கு என்னதான் பிரச்சினை? முதுகுக்குப் பின்னால் வரும் வண்டி.

கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம் கொட்டும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்குமா? கேட்காது. பெரிய சத்தம் சின்னச் சத்தத்தை விழுங்கிவிடும். அதிலும் தாழ்ந்த ஸ்தாயி சத்தம் தன்னைவிட உயர்ந்த ஸ்தாயி சத்தங்களை மறைப்பதில் கெட்டிக்காரன். பின்னால் வரும் காரின் டயர் ரோட்டில் உரசும் அந்த 'ஸ்ஸ்' சத்தம் இப்படித்தான் காணாமல் போகிறது. போதாக்குறைக்கு இப்போ எலெக்ட்ரிக் ஸ்கூட்டர், எலெக்ட்ரிக் ஆட்டோ எல்லாம் இஞ்சின் சத்தமே இல்லாம வருது.

10/ சைக்கிளில் பெரும்பாலும் கண்ணாடி கிடையாது. உங்களுக்குப் பின்பக்கக் கண் என்று ஒன்று இருந்தால் அது காதுதான். காற்று இரைச்சல் அந்தக் கண்ணைப் பாதி மூடுகிறது. இரைச்சல் பிடிக்கலைன்னு இயர்போன் மாட்டினா மீதிப் பாதியையும் நீங்களே மூடுறீங்க.

11/ இயர்போன் விஷயத்தை விளக்கமா பார்ப்போம்.

வீட்டில் பாட்டுக் கேட்கும்போது பாதி வால்யூம் போதும். சைக்கிளில் காற்று இரையும்போது அதே பாட்டுக் கேட்காது. கூட்டுவீங்க. பாட்டு கேட்கணும்னா காற்றைத் தாண்டியாகணும். காற்று மட்டும் இருந்தவரை காதுக்குப் பெரிய கெடுதல் இல்லை. இப்போ காதுக்குள்ளேயே, செவிப்பறைக்குப் பக்கத்தில், அதைவிடப் பெரிய சத்தத்தை நீங்களே வைக்கிறீங்க. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். சத்தம் கூடக் கூட அந்த நேரம் மளமளவென்று கரையும்.

12/ "நான் நாய்ஸ் கேன்சலிங் வச்சிருக்கேன் டாக்டர்" என்பவர்களுக்கு: அதன் மைக்கிலேயே காற்று நேராக மோதும். அதனால் சில சமயம் இரைச்சல் குறைவதற்குப் பதில் கூடும். நன்றாக வேலை செய்தால் இன்னும் மோசம், லாரி வருவதும் கேட்காது. வெளிச்சத்தத்தை உள்ளே விடும் டிரான்ஸ்பரன்சி மோடு போட்டால் காற்றையும் சேர்த்தே உள்ளே விடும்.

13/ "எலும்பு வழியா கேட்கிற ஹெட்போன்தான், காது திறந்தே இருக்கு" என்பார்கள். காது திறந்திருப்பது நல்லதுதான். ஆனா எலும்பு வழியா போனாலும் சத்தம் போய்ச் சேரும் இடம் ஒண்ணுதான்: காக்ளியா என்ற நத்தைக்கூடு வடிவ உள்காது. அங்கே இருக்கும் ரோம செல்கள் மனிதர்களுக்கு ஒருமுறை செத்தால் திரும்ப முளைக்காது. காற்றை மிஞ்ச வால்யூமைக் கூட்டினால் அந்த ஹெட்போனிலும் அதே சேதம்தான்.

14/ பஞ்சு? விடியற்காலையில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு போகும் பெரியவர்களைப் பார்த்திருப்பீங்க. பஞ்சு பெரிதாகச் சத்தத்தைக் குறைக்காது. பாதி பிய்ந்து உள்ளே தங்கும், அழுக்கை உள்ளே தள்ளும். தொழிற்சாலை இயர்பிளக் சத்தத்தை நன்றாகக் குறைக்கும். ஆனா ஹாரனையும் சேர்த்துக் குறைக்கும். டிராஃபிக்கில் சைக்கிள் ஓட்ட அது சரியான பொருள் இல்லை.

15/ சரி, என்ன செய்யலாம்?

புயல் நேரத்தில் கடலூர் கடற்கரையில் நின்று பேசும் டிவி நிருபரின் மைக்கைப் பாருங்க. மைக்குக்கு மேல் ஸ்பாஞ்சோ, பூனைக்குட்டி மாதிரி முடி நிறைந்த உறையோ இருக்கும். காற்றின் வேகத்தை அந்த முடி உடைத்துவிடும். நிருபரின் குரல் தடையில்லாமல் உள்ளே போகும். உங்கள் காதுக்கும் இதே வைத்தியம்தான்.

16/ ஹெல்மெட் போடுறவங்க: காதுக்கு முன்னால் கன்னத்தில் ஓடும் வார் இருக்கிறதே, அதன்மேல் முடிவைத்த துணியை உறை மாதிரி சுற்றி ஒட்டுங்க. குளிர் கால ஜாக்கெட்டின் உள்பக்கம் இருக்கும் பொசுபொசு துணி, பழைய பொம்மைத் துணி, எதுவும் சரி. வெல்க்ரோ தைத்தால் கழற்றித் துவைக்கலாம். வெளிநாட்டில் இதையே தயாராகத் தைத்து விற்கிறார்கள். நம்ம ஊர் டெய்லர் அரை மணி நேரத்தில் தைத்துத் தருவார்.

மூன்று நிபந்தனை: வார் முகத்தோடு ஒட்டி இருக்கணும், துணி காதை மூடக்கூடாது, பக்கிளில் மாட்டக்கூடாது.

17/ ஹெல்மெட் இல்லாதவங்க: நம்ம ஊர் பால்காரர்கள் தலையில் துண்டைக் கட்டி, காது மேலும் ஒரு சுற்று விட்டுக்கொண்டு போவாங்க. குளிருக்காகச் செய்வதுதான், ஆனா காற்று இரைச்சலுக்கும் அருமையான ஏற்பாடு. மெல்லிய பருத்தித் துணி ஒரே ஒரு சுற்று போதும். தடிமனான மஃப்ளரை நாலு சுற்று சுற்றினால் பஞ்சு வைத்த கதைதான். துண்டு, துப்பட்டா, மஃப்ளர் எதுவானாலும் நுனியை உள்ளே செருகிடுங்க. சக்கரத்தில் சிக்கினால் கழுத்துக்கே ஆபத்து.

ஹெல்மெட் வாங்க முடிந்தவர்கள் வாங்கிடுங்க. "இரைச்சலா இருக்கு" என்று ஹெல்மெட்டைக் கழற்றி வைப்பது காதைக் காப்பாற்றத் தலையைக் கொடுப்பது மாதிரி.

18/ செலவே இல்லாதவை: எதிர்காற்றில் வேகத்தைக் கொஞ்சம் குறைங்க, இரைச்சல் நிறையவே குறையும். தலையை லேசாகச் சாய்த்தாலோ தாழ்த்தினாலோ இரைச்சல் மாறும். நேர் ரோட்டில் உங்களுக்கு எந்தக் கோணம் சரி என்று பாருங்க, ஆனா கண் ரோட்டில்தான் இருக்கணும். தலைமுடியைக் காதுக்கு முன்னால் விட்டாலும் குறையும். அந்தக் காலத்து ஹீரோ மாதிரி அடர்த்தியான கிருதா வச்சிருக்கீங்களா? உங்களுக்கு உறையே வேண்டாம்.

கூடவே ஹேண்டில்பாரில் ஒரு கண்ணாடி மாட்டிடுங்க. இயர்போனுக்குச் செலவழிப்பதைவிடக் குறைவுதான் ஆகும்.

19/ காது மெஷின் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு இந்த இரைச்சல் இரட்டிப்புத் தொல்லை. மெஷினின் மைக்கிலேயே காற்று மோதும். அதற்காக மெஷினைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு ஓட்டாதீங்க. பல டிஜிட்டல் மெஷின்களில் காற்று இரைச்சலைக் குறைக்கும் வசதி இருக்கு. உங்கள் ஆடியாலஜிஸ்டிடம் அதை ஆன் செய்யச் சொல்லுங்க. மேலே மெல்லிய துணி போட்டாலும் உதவும்.

20/ முக்கியமான எச்சரிக்கை. சைக்கிள் ஓட்டி முடித்த பிறகு காது அடைத்த மாதிரி இருந்தால், 'ங்ங்' என்று ரீங்காரம் கேட்டால், நம்ம வீடுகளில் சொல்வது: "காத்து பட்டிருக்கும், எண்ணெய் காய்ச்சி விடு." விடாதீங்க. வெளிக்காற்று செவிப்பறையைத் தாண்டி உள்ளே போகாது.

நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு லேசான ரீங்காரம் வந்து சில மணி நேரத்தில் போய்விட்டால், அது காது கொடுக்கும் எச்சரிக்கை. ஒரு நாளைத் தாண்டியும் இருந்தால் ஆடியோகிராம் எடுங்க. வலி இல்லாத பரிசோதனை.

21/ திடீரென்று ஒரு பக்கக் காது மட்டும் கேட்காமல் போனால் அது அவசரம். "காத்துதான், சரியாயிடும்" என்று ஒரு வாரம் தள்ளிப் போடாதீங்க. அன்றே, முடியாவிட்டால் மறுநாளே, காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்க. சீக்கிரம் ஸ்டீராய்டு சிகிச்சை தொடங்கினால் கேட்கும் திறன் திரும்ப வாய்ப்பு அதிகம். நாள் போகப் போக வாய்ப்புக் குறையும்.

22/ பெற்றோர்களுக்குக் கடைசியாக. அரசு கொடுக்கும் சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் காற்று இரைச்சலால் காது போகாது. ஒரு காதில் மட்டும் மாட்டிய இயர்போனால் உயிர் போகலாம். "ஒரு காதுதானே" என்பார்கள். சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று மூளை கண்டுபிடிக்க இரண்டு காதும் வேண்டும்.

பாட்டு வீட்டுக்கு வந்து கேட்கட்டும். ரோட்டில் இரண்டு காதும் ரோட்டுக்கு.

சைக்கிள் ஓட்டும் ஒருவருக்காவது இதைப் பகிருங்க.