விற்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது

‘மார்க்கெட்டிங்ல வேலை கிடைச்சிருக்குப்பா’ என்று மகள் சொன்னதும் பல வீடுகளில் அப்பாவின் முகம் மாறிவிடுகிறது. தோளில் பை, கையில் நோட்டீஸ், மத்தியான வெயில், “சார், ரெண்டே நிமிஷம்” என்று கெஞ்சும் குரல்... அவர் மனதில் ஓடும் படம் இதுதான். “அது இல்லப்பா, ப்ராடக்ட் மார்க்கெட்டிங்” என்று மகள் திருத்தினால் குழப்பம் கூடுமே தவிர, குறையாது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த வேலையில் சேர்ந்து ஆறு மாதம் ஆனவர்களிலேயே பலருக்கு, தாங்கள் செய்வது என்ன என்று வீட்டில் விளக்கத் தெரிவதில்லை.

ஒரு பொருளைச் செய்வதற்கு ஓர் அணி இருக்கிறது. விற்பதற்கு இன்னோர் அணி இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் சில கேள்விகள் அநாதையாகக் கிடக்கும். இந்தப் பொருள் யாருக்கு? அவர்கள் இப்போது எதை வைத்துச் சமாளிக்கிறார்கள்? எதற்காக இதற்கு மாறுவார்கள், எதற்காகத் தயங்குவார்கள்? எந்த விலையில், எந்த வார்த்தையில் சொன்னால் அவர்களுக்குப் புரியும்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடி, செய்பவர்களிடமும் விற்பவர்களிடமும் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் ப்ராடக்ட் மார்க்கெட்டிங்.

பெயர்தான் புதிது, வேலை பழையது. 1931-ல் அமெரிக்காவின் ப்ராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனத்தில் நீல் மெக்கெல்ராய் என்ற இளைஞர், கேமே சோப்பின் விளம்பரத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார். அதே நிறுவனத்தின் ஐவரி சோப் வீட்டுச் செல்லப்பிள்ளை. கேமேவைக் கண்டுகொள்ள ஆள் இல்லை. எரிச்சலில் அவர் மேலிடத்துக்கு மூன்று பக்கக் குறிப்பு ஒன்றை எழுதினார். ஒவ்வொரு சோப்புக்கும் தனியாகப் பொறுப்பாளர் வேண்டும். அவர் எங்கே நன்றாக விற்கிறது, எங்கே விற்கவில்லை என்று ஊர் ஊராகப் போய்ப் பார்க்க வேண்டும். கடைக்காரர்களிடம் பேச வேண்டும் என்பதுதான் சாரம். உலகம் முழுக்க இன்று இருக்கும் ‘பிராண்டு மேனேஜர்’ பதவிகள் அந்தக் குறிப்பிலிருந்து கிளைத்தவை. எழுதியவர் பிற்பாடு அந்த நிறுவனத்தின் தலைவராகி, 1957-ல் அமெரிக்காவின் பாதுகாப்பு அமைச்சராகவும் ஆனார்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் கடலூரிலேயே பாடம் இருக்கிறது. ஷாம்பு என்பது பெரிய பாட்டிலில், பெரிய கடையில், பெரிய வீட்டுக்காரர்களுக்கு மட்டுமே இருந்த காலம் அது. பணக்காரர் பயன்படுத்துவதைக் கூலித் தொழிலாளியும் வாங்க முடிய வேண்டும் என்று நினைத்தவர் சின்னிகிருஷ்ணன். அந்த நினைப்பில் வந்ததுதான் ஒருமுறை பயன்படுத்தும் பாக்கெட் ஷாம்பு. அவருடைய மகன் சி.கே.ரங்கநாதன், குடும்பத் தொழிலிலிருந்து பிரிந்து, 1983-ல் 15,000 ரூபாயோடு ‘சிக்’ ஷாம்புவைத் தொடங்கினார்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் இந்த வேலைக்கு வர நினைக்கிறவர்கள் கவனிக்க வேண்டும். கிராமத்தில் தலைக்குச் சீயக்காயோ, துணி சோப்போ தேய்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஷாம்புவை எப்படிப் போடுவது என்றே தெரியாது. போஸ்டர் ஒட்டி என்ன பயன்? எனவே ஊருக்குள் போய், ஒரு பள்ளிக்கூடப் பையனை நிறுத்தி, எல்லோர் முன்னாலும் தலைக்குப் போட்டுக் காட்டினார்கள். அலசிய முடியைக் கூட்டத்தில் இருந்தவர்களே தொட்டுப் பார்த்தார்கள், முகர்ந்து பார்த்தார்கள். ரஜினி படம் திரையிட்டு, இடையில் விளம்பரம் காட்டி, பாக்கெட்டுகளை இலவசமாகக் கொடுத்தார்கள். எந்த கம்பெனியின் ஷாம்புவாக இருந்தாலும் சரி, ஐந்து காலி பாக்கெட் கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்றார்கள். பழகிய பிறகு, காலி சிக் பாக்கெட்டுக்கு மட்டும்தான் இலவசம் என்று மாற்றினார்கள். பூ வைத்துப் பழகிய பெண்களுக்காக மல்லிகை, ரோஜா மணங்கள் வந்தன. பிற்பாடு 50 காசுக்கும் பாக்கெட் வந்தது.

இதில் எங்கேயாவது பொய் இருக்கிறதா? யாரையாவது கெஞ்சியது உண்டா? வாங்குகிறவரின் கிணற்றடி வரை போய்ப் பார்த்துவிட்டு வந்து, மணத்தையும் அளவையும் விலையையும் அதற்கேற்ப மாற்றியிருக்கிறார்கள். இந்த வேலையின் ருசி இங்கேதான் இருக்கிறது. நீங்கள் கேட்டு வந்த ஒரு வார்த்தையால் பொருளே மாறுகிறது.

தலைகீழாகவும் நடக்கும். மழையில் ஸ்கூட்டரில் நனைந்தபடி போகும் குடும்பத்தைப் பார்த்து ரத்தன் டாடா யோசித்தது நானோ கார். ஒரு லட்ச ரூபாய் கார் என்று 2008-ல் உலகமே பேசியது. ஆனால் நம் ஊரில் கார் என்பது நான்கு சக்கரம் மட்டுமா? கல்யாணப் பேச்சில் வரும் கௌரவம் அல்லவா? ‘இருப்பதிலேயே மலிவான கார்’ என்ற முத்திரை விழுந்ததும், யாருக்காகச் செய்தார்களோ அவர்களே தயங்கினார்கள். அந்தப் பெயர் விழுந்ததில் தங்களுக்கும் பங்கு உண்டு என்பதை ரத்தன் டாடாவே பின்னர் சொன்னார். நல்ல இன்ஜினீயரிங்கை ஒரு சொல் கவிழ்த்தது.

இன்று இந்த வேலைக்கு அதிகம் ஆள் எடுப்பது சாஃப்ட்வேர் நிறுவனங்கள். சென்னையில் 2010-ல் தொடங்கி, 2021-ல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தை வரை போன ஃப்ரெஷ்வொர்க்ஸின் கதை பலருக்குத் தெரியும். அதை ஆரம்பித்த கிரிஷ் மாத்ருபூதம், இன்றைய ஜோஹோவில் ப்ரீ-சேல்ஸ் வேலையில் சேர்ந்து, வாடிக்கையாளர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லி வளர்ந்தவர். போட்டி நிறுவனம் ஒன்று விலையை ஏற்றியபோது இணையத்தில் வாடிக்கையாளர்கள் கொட்டிய எரிச்சலைப் படித்துத்தான் அவருக்குத் தன் நிறுவனத்துக்கான யோசனை வந்தது. மற்றவர்கள் வம்பு என்று நினைத்துத் தாண்டிப் போகும் இடத்தில் அவருக்கு ஒரு தொழில் கிடைத்தது. அதனால் கஸ்டமர் சப்போர்ட்டில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு திட்டு வாங்கும் பிள்ளைகள் சோர்ந்துபோக வேண்டாம். அங்கே காதில் விழுவதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்தால், இந்த வேலைக்கு அதைவிட நல்ல தகுதி கிடையாது.

எம்.பி.ஏ. இருந்தால் கதவு சீக்கிரம் திறக்கும், அவ்வளவுதான். பி.காம் படித்தவர்களும் தமிழ் இலக்கியம் படித்தவர்களும்கூட இதில் இருக்கிறார்கள். லட்ச ரூபாய் கட்டி ஆன்லைன் கோர்ஸில் சேருவதற்கு முன், தெருமுனை மளிகைக் கடையில் ஒரு சாயங்காலம் நின்று பாருங்கள். ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதை வாங்கும் பத்துப் பேரிடம் ‘ஏன் இது?’ என்றும், வாங்காமல் வைத்துவிட்ட இரண்டு பேரிடம் ‘ஏன் வேண்டாம்?’ என்றும் கேளுங்கள். வாங்காதவர்களின் பதில்தான் தங்கம். அதை ஒரு பக்கத்தில் எழுதி விண்ணப்பத்தோடு இணைத்தால், சான்றிதழ் அடுக்கைவிட அதுதான் முதலில் படிக்கப்படும்.

ஒரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும். ஒரே பதவிப் பெயரில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. சில அலுவலகங்களில் எல்லாவற்றையும் யாரோ முடிவு செய்துவிடுவார்கள். இவர் செய்ய வேண்டியது பிரசண்டேஷனுக்குக் கலர் மாற்றுவதும், இல்லாத சிறப்பை இருப்பதாக எழுதுவதும்தான். சம்பளம் வரும். ஆனால் இரண்டு வருஷத்தில் மனசு காய்ந்துவிடும். வேலை பிடிக்கவில்லை என்று விலகுகிறவர்களில் பலர், உண்மையில் அந்த வேலையைப் பார்க்கவே வாய்ப்புக் கிடைக்காதவர்கள்.

இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. இன்டர்வியூ முடிவில், “ஏதாவது கேட்கணுமா?” என்பார்கள். “வாடிக்கையாளர் சொன்னதைக் கேட்டு, கடைசியா எப்போ சார் உங்க ப்ராடக்டை மாத்துனீங்க?” என்று கேளுங்கள். “போன மாசம்கூட ஒருத்தர்...” என்று அவர் கதை சொல்ல ஆரம்பித்தால், அடுத்து சம்பளத்தைப் பேசலாம். பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்த்தார் என்றால், காபியைக் குடித்துவிட்டு வந்துவிடலாம்.