தகரப் பெட்டியிலே ஒரு தேயிலை மலை

முத்திரை சேர்ப்போரையும் பழைய நாணயம் சேர்ப்போரையும் நம் வாசகர்கள் அறிவார்கள். விளம்பரத்துக்காக இனாமாய் வழங்கப்பட்ட சிறு நூல்களையும் சித்திர அட்டைகளையும் சேர்ப்போர் உண்டென்றால் சிலர் நகைக்கக்கூடும். நாமும் நகைத்தவர்தாம், சென்ற மாதம் பதுளையில் நண்பர் ஒருவர் பழைய பிஸ்கோத்துத் தகரப் பெட்டியைத் திறந்து, உள்ளிருந்தவற்றைப் பாயிலே பரப்பிக் காட்டும் வரையில்.

இவ்வழக்கம் புதியதன்று. ஐரோப்பாவிலே லீபிக் என்னும் இறைச்சிச் சாற்றுக் கம்பெனி, தொகுதிக்கு ஆறாக வண்ண அட்டைகளைப் பல்லாண்டுகள் வெளியிட்டது. புரூக் பாண்ட் கம்பெனி பிரித்தானியாவில் 1954 முதல் தேயிலைப் பொட்டலங்களுக்குள் அட்டைகளை வைத்தது. முதலிற் பறவைகள், பின்னர் மோட்டார் வண்டியும் கப்பலும் விமானமும் வந்தன. குழந்தைகளின் அட்டை ஆசையால் பெற்றோர் எத்தனை கோப்பை தேநீர் அதிகமாய்ப் பருகினரோ!

நம் மலைகளின் கதை வேறு. இங்கே தேயிலை பாடம் கற்கவில்லை, தானே பாடமாயிற்று. 1890 இல் அப்புத்தளைக்கருகே தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கிய லிப்டன், தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பாத்திரத்துக்கு என்று விளம்பரம் செய்தார். 1932 இல் இலங்கைத் தேயிலைப் பிரசார சபை தோன்றியது. ஏற்றுமதித் தேயிலை மீது விதித்த தீர்வையே அதன் பணம். கொழுந்து பறித்தல், வாட்டுதல், உருட்டுதல், புளிக்கவைத்தல், உலர்த்துதல், சலித்தல் என்று படம் படமாய் உலகுக்குக் கற்பித்தார்கள்.

இத்தகைய தாள்களில் ஆண்டு குறிக்கப்படாதிருப்பது பெருந்தொல்லை. நண்பர் சில உபாயங்கள் சொன்னார். மாணவர்கள் கவனிக்க. முதலில் தேசப்படத்தைப் பார்க்க வேண்டும். இருப்புப் பாதை பண்டாரவளைக்கு 1894 இலும் பதுளைக்கு 1924 இலும் வந்தது. ஆகவே பாதை பண்டாரவளையோடு நின்றால், அப்படம் 1924 க்கு முன் வரையப்பட்டதாய் இருத்தல் கூடும். தேயிலைச் சபை 1976 இல் அமைந்தது. அதன் பெயர் தாங்கிய நூல் அதற்கு முந்தியதாகாது. ஆனால் ‘சிலோன்’ என்ற சொல்லைக் கண்டு ஏமாறலாகாது. 1972 இல் நாட்டின் பெயர் மாறியது. தேயிலையின் பெயர் மாறவில்லை.

பசை தடவி ஒட்டுதல் கூடாது. ஊவாவின் மழைக்கால ஈரம் தாளுக்குப் பகை. வெள்ளைத் தாளை இடையிட்டு அடுக்குவதே நன்று.

அப்பெட்டியிலே ஓர் அட்டை. வெண்சேலையும் மூக்குத்தியுமாய், முதுகிலே கூடையுடன் ஒரு பெண் முறுவலிக்கிறாள். பின்புறம் ஆங்கிலத்தில் மலையின் உயரமும் மழையின் அளவும் உள்ளன. அவள் பெயர் இல்லை. அவளுடைய லயத்தைப் பற்றியோ நாட்சம்பளத்தைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. 1948 இன் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அதன்பின் அச்சான நூல்களும் சில அப்பெட்டியில் இருந்தன. அவற்றிலும் அதே முறுவல்தான்.

நண்பரின் தாயார் முப்பது ஆண்டுகளுக்கு மேலாய்க் கொழுந்து பறித்தவர். அட்டையை வாங்கிக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார்.

“இடுப்புலே படங்கு எங்கே, ஐயா? படங்கு கட்டாம மலைக்குள்ளே போனா சேலை கிழிஞ்சிடுமே!” என்றார்.

எத்தனையோ பேர் பார்த்திருக்கக்கூடிய அட்டை. பொய் எங்கே இருக்கிறதென்று ஒரே பார்வையில் கண்டவர் அவரே. இனி இத்தகைய படங்களைச் சேர்ப்போர், தோட்டத்தில் உழைத்த பெரியோர் ஒருவரை அருகிலிருத்திக்கொண்டு பார்ப்பது நன்று என்பது நம் எண்ணம்.

அப்பொழுது பேரன், “அப்பாயி, உங்களோட மலையிலே யார் யார் நின்னாங்க?” என்று கேட்டான். அவர் நிரை நிரையாய் நினைவுகூர்ந்து சொல்லத் தொடங்கினார். ஒரு பெயரிலே தயங்கி, “அவ இந்தியாவுக்குப் போயிட்டா” என்றார். பையன் பென்சிலால் எழுதிக்கொண்டே வந்தான். பதினேழு பெயர்கள். அத்தாளை மடித்து, அந்த அட்டையோடு சேர்த்துப் பெட்டியில் வைத்தான்.