கழுத்தில் அடி, காகிதத்தில் பயம்

கேரளத்தின் அட்டப்பாடி மலையில் உள்ள அகளி. காரில் போனவருக்குப் பின்னாலிருந்து ஒரு மோதல்; கழுத்து வலி. ஆனைகட்டி வழியாகக் கோயம்புத்தூர் போய் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துத் திரும்பும்போது கையில் ஓர் உறை. உள்ளே, 'சி5-சி6 டிஸ்க் பல்ஜ்', 'லார்டோசிஸ் இழப்பு'. டாக்டரைப் பார்ப்பதற்குள் பாதி உயிர் போய்விடுகிறது.

கழுத்தில் 7 முள்ளெலும்புகள். ஐந்தாவதற்கும் ஆறாவதற்கும் இடைப்பட்ட இடம் சி5-சி6. தேய்மானம் அதிகம் தெரியும் இடம். அங்கே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க் சற்றே பிதுங்கியிருப்பதுதான் 'பல்ஜ்'. லார்டோசிஸ் என்பது கழுத்தின் இயல்பான வளைவு. தசை இறுகினாலும், ஸ்கேனுக்குப் படுத்திருக்கும் விதத்தாலும்கூட அது நிமிர்ந்து தெரியலாம்.

எல்லாம் விபத்தின் வேலைதானா? ஜப்பானில் கழுத்துத் தொல்லை ஏதுமில்லாத 1,211 பேரை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். 2015இல் வெளியான முடிவு: 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம். இருபதுகளில் இருந்தவர்களிலும் பெரும்பாலோருக்கு இதே கதை. நரையைப் போல, விபத்துக்கு முன்பே வந்திருக்கக்கூடிய விஷயம்.

அதற்காக அலட்சியம் கூடாது. எலும்பு முறிவு, முள்ளெலும்பு விலகல், தண்டுவட அழுத்தம் என்று எழுதியிருந்தால் அது வேறு ரகம். முறிவைத் தெளிவாகக் காட்டுவது சி.டி. ஸ்கேன், டிஸ்க், தண்டுவடத்துக்கு எம்.ஆர்.ஐ. கை கால் பலமிழந்தாலோ, நடை தடுமாறினாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மற்றவர்கள் டாக்டரிடம் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "படத்தில் தெரிவதும் எனக்கு வலிப்பதும் ஒத்துப்போகிறதா?" சிகிச்சை மனிதருக்கு, படத்துக்கல்ல.