இஸ்ஹாக் யாருடைய பெயர்?

பிள்ளைக்கு ‘இஸ்ஹாக்’ என்று பெயர் சூட்ட விரும்பும் பெற்றோரை, ‘அது யூதப் பெயர்’ என்று தடுப்போர் நடுவட்டம் போன்ற மலையூர்களிலும் இருக்கின்றனர். தேயிலைத் தோட்டத்து அண்டை வீட்டுக் கிறிஸ்தவர் ‘ஈசாக்கு’ எனப்படுவதையும் காரணம் காட்டுகின்றனர். காஸாவின் துயரம் நம் நெஞ்சையும் எரிக்கிறது. அதற்காக ஒரு நபியின் பெயரைக் கைவிட நாம் இசைய மாட்டோம்.

எபிரேயத்தில் ‘யிட்ஸ்ஹாக்’ என்றால் ‘அவன் நகைப்பான்’ என்று பொருள். ஹூத் அத்தியாயத்தின் 71ஆம் வசனம், இப்ராஹீம் (அலை) அவர்களின் துணைவியார் நகைத்ததையும் இஸ்ஹாக் (அலை) பற்றிய நற்செய்தியையும் சேர்த்தே கூறுகிறது. முதுமையில் பிள்ளை வரம் பெற்ற தாயின் நகைப்பில் வெறுப்பதற்கு என்ன இருக்கிறது?

நாம் தயங்காமல் வைக்கும் ‘இஸ்மாயீல்’ மட்டும் எங்கிருந்து வந்தது? எபிரேயத்தில் அதற்கு ‘இறைவன் செவியேற்கிறான்’ என்று பொருள். காயிதே மில்லத் தாங்கிய அப்பெயரை எவரும் குறை கூறுவதில்லை. இவ்விரு மைந்தரையும் தந்த இறைவனைப் புகழ்ந்த இப்ராஹீம் (அலை), ‘என் இறைவன் வேண்டுதலைச் செவியேற்பவன்’ என்ற கருத்துடனேயே முடிக்கிறார்கள் (14:39). தந்தை பிரிக்காத பிள்ளைகளை நாம் பிரிப்பதா?

மூஸா, தாவூத், யஃகூப், மர்யம் ஆகியவற்றையும் நீக்கிவிடுவோமா? முன்சென்ற நபிமார், நல்லோர் பெயர்களை மக்கள் சூட்டிவந்ததை நபி (ஸல்) அவர்கள் எடுத்துரைத்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. தம் மகனுக்கே இப்ராஹீம் என்று பெயரிட்டார்கள். அண்ணலாரின் வரலாற்றைத் தொகுத்த முன்னோடியை நாம் அறிவதே இப்னு இஸ்ஹாக் என்றுதான்.

இணையத்தில் பொறுக்கிய, பொருளறியா ஓசைப் பெயர்களை மறுப்பின்றி ஏற்கும் பெரியவர்கள், அல்குர்ஆனில் 17 இடங்களில் வரும் பெயருக்குத் தடை விதிப்பது விந்தையே.