ரயர் பூச்சாடிக்கு ஏன் பொய் சொல்லோணும்?

புத்தூரில எங்கட ஒழுங்கை முடியிற இடத்தில ஒரு பூச்சாடி இருக்கு. பழைய லொறி ரயரை வெட்டி, மஞ்சளும் நீலமும் அடிச்சு, செவ்வரத்தை நட்டது. முந்தி அது குப்பை கொட்டுற மூலை. சனசமூக நிலையத்துப் பெடியள்தான் துப்புரவாக்கி வைச்சவை.

என்ர தம்பி போக்கிமான் கோ விளையாடுறவன். இந்தப் பூச்சாடியை அந்த விளையாட்டின்ர வரைபடத்தில 'போக்கிஸ்ரொப்' ஆக்கோணுமெண்டு நிக்கிறான். "அக்கா, நீ கலைப்பீடம்தானே, ரெண்டு வரி வடிவா எழுதித் தாவன்" எண்டான். தான் எழுதி வைச்சிருந்ததையும் காட்டினான்: 'புகழ்பெற்ற உள்ளூர்ச் சிற்பியின் படைப்பு. சுற்றுலாப் பயணிகள் விரும்பிப் பார்க்குமிடம்.' முதல்ல சிரிப்பு வந்தது. பிறகு கவலை வந்தது.

விசயம் தெரியாதவைக்குச் சுருக்கமாச் சொல்லுறன். 2012இல் வெளிவந்த இங்கிரெஸ் விளையாட்டுக்கு ஆட்கள் பரிந்துரைத்த இடங்கள்தான் 2016இல் வந்த போக்கிமான் கோவுக்கும் அடித்தளம். இப்பவும் இடங்களை முன்மொழியிறது விளையாடுற ஆக்கள்தான். வேஃபேரர் என்ற தளத்தில அதைப் பார்த்துச் சரி பிழை சொல்லுறதில பெரும்பங்கும் அவையின்ரதுதான். கேக்கிற கேள்வி மூன்று: தேடிப்போய்ப் பார்க்கத்தக்க இடமா? நடக்க, உடற்பயிற்சி செய்ய ஏற்ற இடமா? ஆக்கள் கூடுற இடமா? இதில ஒன்றாவது பொருந்தோணும். ஆபத்தில்லாமல் நடந்து போகக்கூடியதாகவும் இருக்கோணும். தனியார் வீட்டு வளவு கூடாது. எங்கும் கிடைக்கிற சாதாரணப் பொருளும் கூடாது.

கடைசி விதியிலதான் பூச்சாடிகள் விழுகிறது. கடையில வாங்கி வைச்ச சீமெந்துச் சாடியை நிராகரிக்கிறது நியாயம் எண்டுதான் நானும் சொல்லுவன். எல்லாம் முக்கியமெண்டால் பிறகு எதுவுமே முக்கியமில்லை.

ஆனால் எங்கட சாடியின்ர கதை வேற. குப்பைமேட்டைப் பெடியள் சேர்ந்து மாத்தினவை எண்டதுதான் அதின்ர பெறுமதி. தம்பி எழுதின பொய் அந்த உண்மையைத்தான் முதல்ல அழிக்குது. இல்லாத சிற்பியைக் கொண்டுவந்து, இருக்கிற பெடியளை வெளியில விடுறம். எங்களிட்டை உள்ளது போதாது, வெளியாளுக்குப் பிடிச்சமாதிரி வேசம் போட்டால்தான் மதிப்பு எண்ட நினைப்பு இது. விளையாட்டோட மட்டும் நிக்கிற பழக்கமும் இல்லை.

இன்னொன்று. பூச்சாடிக்கு இவ்வளவு மினக்கெடுற நாங்கள், பக்கத்தில இருக்கிற மற்றதுகளைப் பார்க்கிறமா? நிலாவரைக் கிணற்றுக்கு எங்கட சிபாரிசு தேவையில்லை. இராமர் அம்பு விட்ட கதையும், மேலே நல்ல தண்ணி கீழே உவர்த்தண்ணி எண்ட அதிசயமும் அதுக்குப் போதும். ஆனால் சுமைதாங்கிகள்? கர்ப்பத்தோட இறந்த பெண்களின்ர நினைவாக, வழிப்போக்கர் சுமையை இறக்கி ஆற வைச்ச கற்கள் அவை. மாடுகள் உடம்பு தேய்க்க நட்ட ஆவுரோஞ்சிக் கற்கள்? கேணிகள்? யாழ்ப்பாணத்து வீதிகளில இதுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகுது. எங்கட முன்னோர் தெருவில பொதுவுக்கெண்டு வைச்ச பொருள்கள் இவை. ஒருவகையில அந்த ரயர்ச் சாடிக்கு மூத்த சொந்தக்காரர்.

தம்பிக்கு நான் எழுதிக் குடுத்தது இவ்வளவுதான்: 'குப்பை கொட்டப்பட்ட இந்த மூலையை ஊர் இளைஞர்கள் துப்புரவாக்கிப் பழைய ரயரில் அமைத்த பூச்சாடி. பின்னேரங்களில் அயலவர்கள் கூடிக் கதைக்கும் இடம்.' ஒரு சொல்லும் பொய்யில்லை. படத்தில ஆக்களின்ர முகமோ வாகன இலக்கமோ விழாமல் எடு எண்டும் சொன்னன்.

ஏற்கிறதும் விடுறதும் பார்க்கிறவையின்ர பாடு. ஏற்காட்டிலும் செவ்வரத்தை பூக்கும். தண்ணி ஊத்துற முறை இந்தக் கிழமை தம்பியின்ரது. அதை மட்டும் மறக்கவேண்டாமெண்டு சொல்லியிருக்கிறன்.